மிச்சமிருக்கும் அந்த இரண்டு பல்

போன இதழில் ஒரு வாசகர், 'எல்லாப் பல்லையும் மொத்தமாகப் பிடுங்கிவிட்டு செட்டு கட்டிக்கொள்ளலாமா' என்று கேட்டிருந்தார். அதற்கு நாலு வரியில் பதில் எழுதி, கடைசியில், வேரை எடுக்காமல் அதன் மேலேயே மாட்டிக்கொள்ளும் ஓவர்டென்ச்சர் என்று ஒன்று இருக்கிறது, அதையும் விசாரியுங்கள் என்று முடித்திருந்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி. பெங்களூரில் மட்டுமல்ல, கோலார் தங்கவயலில் இருந்தும் எழுதியிருக்கிறீர்கள். அதனால் இந்த முறை பக்கம் முழுக்க அதற்கே.

என் மாமியாருக்கு 71 வயது. மேலே ஒரு பல்லும் கிடையாது, ஆறு வருடமாக முழுசெட்டு போடுகிறார். கீழே இரண்டு பக்கமும் கோரைப்பல் மட்டும் நிற்கிறது, அதில் வலதுபக்கப் பல் லேசாக ஆடுகிறது. நாங்கள் காட்டிய டாக்டர், இரண்டையும் எடுத்துவிட்டு முழுசெட்டு போட்டால் வேலை சுலபம் என்கிறார். என் மகள், இருப்பதை ஏன் பிடுங்கவேண்டும் என்று சண்டை போடுகிறாள். மாமியாரோ, ஆடுகிற பல்லை வைத்துக்கொண்டு என்ன செய்ய, பிடுங்கித் தொலை என்கிறார். என்ன முடிவெடுப்பது?
— வாசகி, அல்சூர்

நான் உங்கள் மகள் கட்சி. பிடுங்குவதற்கு முன்னால் ஒரு எக்ஸ்ரே எடுத்து, அந்த இரண்டு வேரையும் எவ்வளவு எலும்பு பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். வேரின் நீளத்தில் பாதியளவுக்காவது எலும்பு இருந்து, ஈறில் சீழ் இல்லாமலும் இருந்தால் அந்தப் பற்களைக் காப்பாற்றத்தான் பார்க்கவேண்டும்.

காரணம் சொல்கிறேன். தாடையில் பல்லைத் தாங்கும் எலும்பு பல்லுக்காகவே இருக்கிற எலும்பு. பல் போனதும் அதற்கு வேலை போய்விடுகிறது, மரம் வெட்டிய ஆற்றங்கரை மாதிரி வருடா வருடம் கரைய ஆரம்பிக்கிறது. முழுசெட்டு போட்டவர்களை 25 வருடம் வரை தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 1972-ல் வெளியானது. மேல்தாடையைவிடக் கீழ்த்தாடை ஏறக்குறைய நான்கு மடங்கு அதிகமாகக் கரைகிறது என்று அதில் தெரிந்தது. மேல்செட்டு அண்ணத்தில் உறிஞ்சிப் பிடித்து நின்றுவிடும், கீழே நாக்கு புரள்கிற இடத்தில் அப்படி ஒரு பிடிமானம் கிடையாது, அதோடு எலும்பும் கரைந்துபோனால் செட்டு எதன் மேல் உட்காரும்? 1978-ல் இன்னோர் ஆய்வு. கீழே கோரைப்பல் வேர் இரண்டையும் வைத்துக்கொண்டு ஓவர்டென்ச்சர் போட்டவர்களுக்கு ஐந்து வருடத்தில் தாடையின் முன்பகுதியில் கரைந்தது சராசரியாக 0.6 மில்லிமீட்டர். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு முழுசெட்டு போட்டவர்களுக்கு 5.2 மில்லிமீட்டர். கிட்டத்தட்ட ஒன்பது மடங்கு. இந்த இரண்டு எண்ணையும் ஒரு தாளில் எழுதி என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன், 'பிடுங்கிவிடுங்கள் டாக்டர்' என்று வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காக.

இன்னொன்றும் உண்டு. வேரைச் சுற்றி மெல்லிய ஒரு சவ்வு இருக்கிறது. சாப்பிடும்போது சாதத்தில் ஒரு பொடிக்கல் அகப்பட்டால் கடித்து முடிப்பதற்குள் வாய் தானாக நின்றுவிடுகிறதே, அந்த உணர்வில் பெரும்பங்கு அந்தச் சவ்விலிருந்து வருவது. வேர் போனால் அதுவும் போய்விடும். வேர் இருக்கிறவர் எவ்வளவு அழுத்திக் கடிக்கிறோம் என்று தெரிந்து சாப்பிடுகிறார்.

சரி, எப்படிச் செய்வார்கள்? முதலில் இரண்டு பல்லுக்கும் ரூட் கேனல். பிறகு பல்லை ஈறுக்கு மேல் இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் விட்டு வெட்டி, உச்சியை வழவழப்பாக, கவிழ்த்த கிண்ணம் போல உருட்டிவிடுவார்கள். திறந்த இடத்தை ஃபில்லிங் வைத்து அடைப்பார்கள், அல்லது மேலே சின்ன உலோகத் தொப்பி வைப்பார்கள். செட்டு அதற்கு மேல் உட்காரும், வெளியே பார்த்தால் சாதாரணப் பல்செட்டு மாதிரியேதான் இருக்கும். பல் ஆடுவதைப் பற்றி மாமியார் கவலைப்படவேண்டாம். நீளமான கம்பை மண்ணில் நட்டு நுனியைப் பிடித்து ஆட்டினால் ஆடும், அதையே தரையோடு ஒட்ட வெட்டிவிட்டால் ஆட்டுவதற்குப் பிடி கிடைக்காது. லேசாக ஆடுகிற பல் குட்டையான பிறகு கெட்டிப்படுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். மேலும் கீழுமாகவே அமுங்கி எழும்புகிற அளவுக்கு ஆடினால் அது வேறு விஷயம், அதை எடுத்துத்தான் ஆகவேண்டும்.

ஒரு நிபந்தனை உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் நான் உங்களுக்கு நல்லது செய்தவள் ஆகமாட்டேன். ரூட் கேனல் செய்த வேருக்கு வலி தெரியாது, அதனால் சொத்தை வந்தாலும் அவர் 'வலிக்குது' என்று சொல்லமாட்டார். செட்டுக்கு அடியில் உமிழ்நீர் சரியாகப் போய்க் கழுவாது, வேருக்கு எனாமல் என்கிற கவசமும் கிடையாது. பதினான்கு மாதம் கழித்து ஒருவர் என்னிடம் வந்தார், நான் போட்ட செட்டுதான். கழற்றிப் பார்த்தால் இரண்டு வேரும் ஊறின ரொட்டி மாதிரி இருந்தன. தினமும் செட்டைப் பளபளவென்று கழுவியிருக்கிறார், வாய்க்குள் இருந்த வேரை ஒருநாள் கூடத் தேய்க்கவில்லை. யாரும் அவருக்குச் சரியாகச் சொல்லித்தரவில்லை, அந்த 'யாரும்' நான்தான். அன்றிலிருந்து செட்டு கொடுக்கிற நாளில் கண்ணாடியைக் கையில் கொடுத்து, என் முன்னாலேயே வேரைத் தேய்த்துக் காட்டச் சொல்லிவிட்டுத்தான் அனுப்புகிறேன்.

ஆகவே மாமியார் தினம் இரண்டு வேளை, மென்மையான பிரஷ், ஃபுளோரைடு உள்ள பற்பசை, அந்த இரண்டு மொட்டையையும் ஈறு சேரும் ஓரத்தையும் சுற்றிச் சுற்றித் தேய்க்கவேண்டும். டாக்டர் ஃபுளோரைடு ஜெல் எழுதிக்கொடுத்தால் செட்டில் வேர் உட்காரும் குழியில் ஒரு சொட்டு வைத்து மாட்டிக்கொள்ளலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டவேண்டும். இதைச் செய்ய அவரால் முடியும், அல்லது வீட்டில் ஒருவர் செய்துவிடுவார் என்றால் தாராளமாக வேரை வைத்துக்கொள்ளுங்கள். செலவு, தாடை எலும்பில் திருகாணி வைத்துச் செய்யும் இம்ப்ளான்ட்டைவிடக் கணிசமாகக் குறைவு. தனியார் கிளினிக்கில் கட்டுப்படியாகாது என்றால் விக்டோரியா மருத்துவமனையை ஒட்டியுள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரியில் செயற்கைப்பல் பிரிவில் விசாரியுங்கள். நாலு நடை அதிகம் நடக்கவேண்டி வரும், ஆனால் மாணவர்கள் செய்வதைப் பேராசிரியர்கள் கூடவே நின்று பார்ப்பார்கள்.

எனக்கு வயது 67, சுரங்கத்தில் வேலை பார்த்தவன். கீழே பல் எல்லாம் போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. போட்டிருக்கும் செட்டு வாயில் மிதக்கிறது, இருமினால் வெளியே வருகிறது. பெங்களூரில் ஒரு டாக்டர் இரண்டு இம்ப்ளான்ட் வைத்து செட்டை மாட்டலாம் என்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு போதாது, குறைந்தது நாலு வேண்டும், இல்லையென்றால் பிடுங்கிக்கொள்ளும் என்று பயமுறுத்துகிறார். சர்க்கரை இருக்கிறது. பீடியும் உண்டு.
— வாசகர், கோலார் தங்கவயல்

ஐயா, கீழ்த்தாடைக்கு இரண்டு போதும். இது என் சொந்த அபிப்பிராயம் மட்டும் இல்லை. 2002-ல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் இந்தத் துறை நிபுணர்கள் கூடி, ஒரு பல்லும் இல்லாத கீழ்த்தாடைக்கு முதலில் யோசிக்கவேண்டியது சாதாரண முழுசெட்டு அல்ல, இரண்டு இம்ப்ளான்ட் மேல் உட்காரும் ஓவர்டென்ச்சர்தான் என்று சொன்னார்கள். 2009-ல் இங்கிலாந்தின் யார்க்கில் கூடியவர்களும் அதையே வழிமொழிந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிற நாலு, மேல்தாடைக்குப் பொருந்தும். அங்கே எலும்பு பஞ்சு மாதிரி, அதனால் பெரும்பாலும் குறைந்தது நாலு வைக்கிறோம். கழற்றவே முடியாத நிரந்தரப் பல்வரிசை வேண்டும் என்றாலும் கூடுதலாகத்தான் வேண்டியிருக்கும். உங்களுக்கு வேண்டியது இருமினால் வெளியே வராத செட்டு. இரண்டில் அது கிடைக்கும்.

எங்கே வைப்பார்கள் என்றால், கோரைப்பல் இருந்த இடத்தில், முகவாய்க்கு இரண்டு பக்கமும். கீழ்த்தாடையில் ஓடுகிற பெரிய நரம்பு அதற்குப் பின்னாலேயே வெளியே வந்துவிடுகிறது, எலும்பும் அங்கேதான் கெட்டி, பன்னிரண்டு வருடம் கரைந்த பிறகும் பெரும்பாலானவர்களுக்கு அந்த இடத்தில் போதுமான எலும்பு மிஞ்சியிருக்கும். இம்ப்ளான்ட் என்பது டைட்டானியத்தில் செய்த சின்னத் திருகாணி. டைட்டானியத்தோடு எலும்பு ஒட்டி வளர்ந்துவிடும் என்று கண்டுபிடித்து, 1965-ல் முதன்முதலாக ஒரு மனிதரின் தாடையில் அதை வைத்துப் பல் கட்டியவர் ஸ்வீடனைச் சேர்ந்த பிரோனேமார்க். அந்த ஒட்டுதலுக்குக் கீழ்த்தாடையில் பொதுவாக மூன்று மாதம் விடுகிறோம். அதுவரை பழைய செட்டையே அடிப்பக்கம் குடைந்து மெத்தென்று ஆக்கிப் போட்டுக்கொள்ளலாம், வாயை மூடிக்கொண்டு மூன்று மாதம் இருக்கவேண்டியதில்லை.

அப்புறம் இம்ப்ளான்ட்டின் தலையில் ஒரு குமிழ், செட்டின் அடியில் அதைக் கவ்வும் நைலான் வளையம். ரவிக்கையில் தைக்கிற டிச் பட்டன் தெரியும் அல்லவா, அதே வேலைதான். அழுத்தினால் 'டிக்' என்று உட்காரும், இரண்டு பக்கமும் விரல் கொடுத்துத் தூக்கினால் வரும்.

சர்க்கரை விஷயம். சர்க்கரை இருப்பதாலேயே இம்ப்ளான்ட் கூடாது என்பதில்லை, கட்டுக்குள் இல்லாத சர்க்கரைதான் தொந்தரவு. மூன்று மாத சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனை எடுத்து வாருங்கள், 7-ஐ ஒட்டி இருந்தால் எனக்கு நிம்மதி, 9, 10 என்று இருந்தால் முதலில் அதைக் குறையுங்கள், தாடை எங்கேயும் ஓடிவிடாது. பீடியை விடவேண்டும். பூசி மெழுகாமல் சொல்கிறேன், புகை பிடிப்பவர்களுக்கு இம்ப்ளான்ட் ஒட்டாமல் போவது அதிகம். கடன் வாங்கி வைத்துக்கொள்கிற திருகாணி பீடிப் புகையால் கழன்று வந்தால் எனக்கு அது தாங்காது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள், இதய டாக்டரைக் கேட்டு நாங்கள் முடிவு செய்வோம்.

பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள்: எத்தனை இம்ப்ளான்ட், என்ன கம்பெனி, குமிழும் வளையமும் சேர்த்தா, புதுச்செட்டு சேர்த்தா, பிறகு வளையம் தேய்ந்தால் மாற்ற எவ்வளவு. இம்ப்ளான்ட் டப்பியில் ஒரு ஸ்டிக்கர் வரும், அதில் அளவும் எண்ணும் இருக்கும், அதைக் கேட்டு வாங்கி பென்ஷன் புத்தகத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருடம் கழித்து அந்த டாக்டர் ஊரில் இல்லாமல் போனாலும், எந்தக் குமிழுக்கு எந்த வளையம் என்று அடுத்தவர் தேடி அலையவேண்டியதில்லை. மாரிகுப்பத்திலிருந்து ரயில் ஏறி ஆறேழு முறையாவது வந்துபோக வேண்டியிருக்கும், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு இரண்டு வேர் மேல் செட்டு போட்டு ஒன்றரை வருடம் ஆகிறது. தினமும் பற்பசை போட்டுத் தேய்க்கிறார், வாரம் ஒருமுறை கொதிக்கிற வெந்நீரில் போட்டு எடுக்கிறார், கிருமி சாகுமாம். இப்போது செட்டு பளபளப்பு போய்ச் சொரசொரவென்று இருக்கிறது, ஓரத்தில் வெள்ளையாகச் சுண்ணாம்பு மாதிரி படிந்திருக்கிறது. எங்கள் வீட்டில் போர் தண்ணீர்தான்.
— வாசகி, ராமமூர்த்தி நகர்

அப்பா சுத்தமாக இருக்கவேண்டும் என்றுதான் இதையெல்லாம் செய்கிறார், அதற்காக அவரைத் திட்டாதீர்கள். ஆனால் இரண்டும் வேண்டாம்.

செட்டு அக்ரிலிக் என்கிற பிளாஸ்டிக்கால் ஆனது. கொதிநீர் பட்டால் கண்ணுக்குத் தெரியாமல் வளையும், வளைந்த செட்டு வேர் மேல் ஒரு பக்கமாக உட்கார்ந்து ஆடும், புண்ணாக்கும், ஒருநாள் நடுவில் விரிசல் விடும். ஓவர்டென்ச்சர் வேருக்கு மேலே வருகிற இடத்தில் ஏற்கெனவே மெல்லிசு, உடைவது அங்கேதான். பற்பசையில் பல்லைத் தேய்க்க நைசான துகள் இருக்கிறது, எனாமல் அதைத் தாங்கும், அக்ரிலிக் தாங்காது. கீறல் விழுந்து, கீறலில் அழுக்கும் பூஞ்சையும் தங்கி, அப்பா இன்னும் அழுத்தித் தேய்த்து, இன்னும் கீறல். நீங்கள் சொல்கிற சொரசொரப்பு அதுதான்.

என் கிளினிக்கில் சொல்லித்தருகிற முறையைச் சொல்கிறேன். வாஷ்பேசினில் பாதித் தண்ணீர் நிரப்புங்கள், அல்லது அடியில் ஒரு துண்டை மடித்துப் போடுங்கள், கை வழுக்கி விழுந்தால் உடையாது. செட்டை உள்ளங்கையில் வைத்துப் பிடிக்கவேண்டும், இரண்டு நுனியையும் பிடித்து நெரிக்கக்கூடாது. பாத்திரம் தேய்க்கும் திரவ சோப்பு ஒரு சொட்டு, செட்டுக்கென்று தனியாக ஒரு மென்மையான பிரஷ், வெதுவெதுப்பான அல்லது பச்சைத் தண்ணீர். வெளிப்பக்கத்தை எல்லோரும் தேய்ப்பார்கள். திருப்பிப் பாருங்கள், ஈறின் மேல் உட்காரும் உள்பக்கம், அதிலும் வேர் போய் உட்காரும் அந்த இரண்டு குழி, அங்கே பிரஷ் முனையை விட்டுச் சுழற்றவேண்டும். கழுவி முடித்து விரலால் தடவினால் வழுக்கல் இருக்கக்கூடாது, வழுக்கினால் இன்னும் போகவில்லை என்று அர்த்தம். ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் சோப்பெல்லாம் வேண்டாம், கழற்றித் தண்ணீரில் அலசி, வாயைக் கொப்பளித்து மாட்டினால் போதும்.

வெள்ளைப் படிவு போர் தண்ணீரின் உப்பும் உமிழ்நீரின் சுண்ணாம்பும் சேர்ந்தது. பெங்களூரில் காவிரித் தண்ணீர் வராத பகுதிகளிலிருந்து வருகிறவர்களின் செட்டில் இதை நிறையப் பார்க்கிறேன். கத்தியால் சுரண்டாதீர்கள். வெள்ளை வினிகரும் தண்ணீரும் சமபங்கு கலந்து அரைமணி நேரம் ஊறவைத்து பிரஷ்ஷால் தேய்த்து நன்றாக அலசினால் பெரும்பாலும் போய்விடும், போகாவிட்டால் கிளினிக்கில் எடுத்துவிட்டு மறுபடி பாலிஷ் போட்டுத் தருவார்கள். செட்டில் உலோகப் பாகம் இருந்தால் முதலில் உங்கள் டாக்டரைக் கேளுங்கள். ப்ளீச்சிங் பவுடர் கலந்த தண்ணீர் கூடவே கூடாது, உலோகத்தை அரிக்கும், ஈறு நிறத்தையும் வெளுக்கவைக்கும். இரவு ஊறவைப்பதற்கு வடிகட்டிய குடிநீரே எடுத்துக்கொள்ளுங்கள். காயவிடவும் கூடாது, காய்ந்தாலும் அக்ரிலிக் வளையும்.

செட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். அப்பா வேரைத் தேய்க்கிறாரா? முதல் கடிதத்துக்கான பதிலை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்கிறார்களே, அந்த வேரை வேப்பங்குச்சியால் தேய்க்கலாமா? கரித்தூள்?
— வாசகர், ஸ்ரீராமபுரம்

முழுப்பல் உள்ளவர் நன்றாக மென்று பஞ்சாக்கிய வேப்பங்குச்சியால் தேய்த்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை. வெட்டிக் குட்டையாக்கிய வேர் எனாமல் இல்லாதது, மெத்தென்றது, குச்சி அதைப் பள்ளமாக்கும், ஈறையும் கிழிக்கும். கரித்தூள், செங்கல் தூள், உப்பு எதுவும் வேண்டாம். ஃபுளோரைடு பற்பசையும் மென்மையான பிரஷ்ஷும்தான்.

ராத்திரி கழற்றியே ஆகவேண்டுமா? கல்யாணமாகி நாற்பது வருடத்தில் பல் இல்லாத முகத்தை என் வீட்டுக்காரர் பார்த்ததில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது.
— வாசகி, சிவாஜி நகர்

இதை எழுதிக் கேட்டதற்கு நன்றி அம்மா. வாயால் கேட்க முடியாமல் தூங்கும்போதும் போட்டுக்கொண்டே இருக்கிறவர்கள் எத்தனையோ பேர். என் நோயாளி ஒரு பாட்டி, மருமகளுக்குக் கூடத் தெரியாமல் பதினொரு வருடம் அப்படி இருந்திருக்கிறார். செட்டை எடுத்தபோது அண்ணம் முழுக்க ரத்தச் சிவப்பு.

கழற்றத்தான் வேண்டும். ஈறும் வேரும் எட்டு மணி நேரமாவது உமிழ்நீரில் நனைந்து மூச்சு விடவேண்டும், இல்லையென்றால் செட்டுக்கு அடியில் பூஞ்சை வளரும். ஜப்பானில் 85 வயதைக் கடந்த 524 பேரைக் கவனித்த ஆய்வு ஒன்று 2015-ல் வெளியானது. செட்டோடு தூங்குகிறவர்களுக்கு நிமோனியா வருவது, கழற்றிவிட்டுத் தூங்குகிறவர்களைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் என்று அதில் தெரிந்தது. வாயில் சேரும் கிருமி தூக்கத்தில் மூச்சுக்குழலுக்குள் இறங்குகிறது என்பதுதான் சந்தேகம்.

வெட்கத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். விளக்கை அணைத்த பிறகு கழற்றி, மூடியுள்ள டப்பியில் தண்ணீரில் போட்டுத் தலைமாட்டில் வையுங்கள். காலையில் அவர் எழுவதற்கு முன்னால் மாட்டிக்கொள்ளலாம். இரவில் முடியவே முடியாது என்றால் மத்தியானம் அவர் வெளியே போகும் நேரத்திலாவது நாலைந்து மணி நேரம் வாயைக் காலியாக விடுங்கள், இரவு அளவுக்கு இல்லாவிட்டாலும் ஒன்றுமில்லாததற்கு அது மேல். முடிந்தால் ஒருநாள் அவரிடம் சொல்லிவிடுங்கள். நாற்பது வருடம் கூட வாழ்ந்தவர், அவருக்கும் தலைமுடி கொட்டியிருக்கும்.

இம்ப்ளான்ட் வைத்து எட்டு மாதம்தான் ஆகிறது. இப்போது 'டிக்' சத்தமே கேட்பதில்லை, முறுக்கு கடித்தால் செட்டு தூக்குகிறது. இம்ப்ளான்ட் போய்விட்டதா?
— வாசகர், மர்பி டவுன்

பயப்படாதீர்கள். இம்ப்ளான்ட்டே ஆடுகிறதா, தொட்டால் வலிக்கிறதா, சுற்றி வீங்கியிருக்கிறதா? இல்லையென்றால் தேய்ந்தது நைலான் வளையம்தான், செருப்பு வார் தேய்வது மாதிரி. ஆறு மாதத்தில் தேய்கிறவரும் உண்டு, இரண்டு வருடம் ஓட்டுகிறவரும் உண்டு. மாற்றுவது ஐந்து பத்து நிமிட வேலை, ஊசி கிடையாது. வளையத்தில் நிறத்துக்கு ஒரு பிடிமானம் உண்டு, கெட்டியான நிறமே போடுங்கள் என்று அடம்பிடிக்காதீர்கள், கழற்ற முடியாமல் நகம் பெயர்ந்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சீக்கிரம் தேய்வதற்கு ஒரு காரணம், செட்டைச் சரியாக வைக்காமல் பல்லால் கடித்து அழுத்தி மாட்டுவது. கடிக்காதீர்கள். இரண்டு ஆள்காட்டி விரலையும் கடைவாய்ப்பக்கம் வைத்து ஒரே நேரத்தில் அழுத்துங்கள். வளையம் தேய்ந்த பிறகும் பிடிமானப் பசை போட்டு மாதக்கணக்கில் ஓட்டுவது தப்பு, செட்டு ஆடி ஆடிக் குமிழையே தேய்த்துவிடும். துத்தநாகம் கலந்த பசையை அளவுக்கு மீறி நாள்பட உபயோகித்தால் உடம்பில் தாமிரச் சத்து குறைந்து நரம்பு பாதிக்கிறது என்பதும் உறுதியான விஷயம். குமிழின் கழுத்தைச் சுற்றித் தினமும் தேய்க்கிறீர்களா? இம்ப்ளான்ட்டுக்குச் சொத்தை வராது, ஆனால் சுற்றி அழுக்கு சேர்ந்தால் ஈறு வீங்கி எலும்பு கரையும்.

புதுச்செட்டு ஒரு இடத்தில் குத்துகிறது. வீட்டுக்காரர் உப்புத்தாளால் தேய்த்துவிடலாமா என்கிறார்.
— வாசகி, காக்ஸ் டவுன்

வேண்டாம். புண் எங்கே என்று தெரிந்துதான் தேய்க்கவேண்டும், தெரியாமல் தேய்த்தால் இருக்கிற பிடிமானமும் போகும். டாக்டரிடம் போவதற்கு முதல்நாளும் அன்றைக்கும் செட்டைப் போட்டுக்கொண்டே இருங்கள், அப்போதுதான் சிவந்த இடம் தெரியும். சரிசெய்த பிறகும் இரண்டு வாரத்துக்குமேல் ஆறாத புண் எதுவானாலும், அதிலும் புகையிலை, பாக்கு பழக்கம் இருந்தால், செட்டு குத்தினது என்று விட்டுவிடாமல் காட்டுங்கள். அதில் மட்டும் நான் சமரசம் செய்துகொள்வதில்லை.

அம்மாவுக்கு 76. எலும்பு தேய்மானத்துக்கு வருடம் ஒருமுறை டிரிப் ஏற்றுகிறார்கள். ஞாபகமறதியும் ஆரம்பித்துவிட்டது, செட்டைக் கழற்றி எங்கேயாவது வைத்துவிடுகிறார், போன மாதம் பேப்பரில் சுற்றிக் குப்பையில் போய்விட்டது. கீழே இரண்டு பல் பாக்கி. நல்லதாக இம்ப்ளான்ட் செய்துவிடலாம் என்று நினைக்கிறேன், பணம் பிரச்சினை இல்லை.
— வாசகர், எலெக்ட்ரானிக் சிட்டி

தம்பி, பணம் இருப்பதும் மனது இருப்பதும் புரிகிறது. உங்கள் அம்மாவுக்கு நான் இம்ப்ளான்ட் வைக்கமாட்டேன்.

முதலில் அந்த டிரிப். எலும்பு வலுவாக ஏற்றுகிற மருந்துகளில் சில, தாடை எலும்பு புண்பட்டால் ஆறவிடாமல் செய்யும், எலும்பு வெளியே தெரிந்து மாதக்கணக்கில் சீழ் வைக்கும். எலும்புத் தேய்மானத்துக்குக் கொடுக்கும் அளவில் இது அரிது, ஆனால் வந்தால் படுகிற பாடு பெரிது. அதனால் பல் பிடுங்குவதாக இருந்தாலும் சரி, திருகாணி வைப்பதாக இருந்தாலும் சரி, டிரிப்பின் பெயரும் கடைசியாக ஏற்றிய தேதியும் எழுதி பல் டாக்டரிடம் கொடுங்கள். அதை நிறுத்துவதா என்பதை இரண்டு டாக்டர்களும் பேசி முடிவு செய்யட்டும், நீங்களாக நிறுத்தினால் இடுப்பு எலும்பு முறிகிற ஆபத்து வேறு.

இரண்டாவது, மறதி. குமிழில் சரியாகப் பொருத்தி அழுத்தி மாட்டுவதும் விரல் கொடுத்துக் கழற்றுவதும் இன்றைக்கு அவரால் முடியலாம், இரண்டு வருடம் கழித்து? சுத்தம் செய்யப்படாத இம்ப்ளான்ட் அவருக்கு வலியாகத்தான் முடியும், அந்த வலியை எங்கே என்று சொல்லவும் அவருக்குத் தெரியாமல் போகலாம். மிச்சமிருக்கும் அந்த இரண்டு பல்லைப் பிடுங்காமல், ரூட் கேனல் செய்து குட்டையாக்கி, குமிழ் எதுவும் இல்லாமல் வழவழப்பான மொட்டையாக விட்டு, மேலே எளிய ஓவர்டென்ச்சர் போடுங்கள். எலும்பு வெட்டவேண்டிய வேலை இல்லை. மாட்டவும் கழற்றவும் உங்களாலும் முடியும், அம்மாவைப் பார்த்துக்கொள்ளக் கூட இருக்கும் பெண்ணாலும் முடியும்.

இதையும் சீக்கிரம் செய்யுங்கள். புதுச்செட்டுக்கு நாக்கும் கன்னமும் பழகவேண்டும், மறதி கூடக்கூட அந்தப் பழக்கம் வராது. பழைய மேல்செட்டு அவருக்குப் பிடித்திருந்தால் அதை மாற்றவேண்டாம். லேபில் சொன்னால் செட்டின் உள்பக்கம் அக்ரிலிக்குக்கு அடியில் அம்மாவின் பெயரை வைத்துத் தருவார்கள், மருத்துவமனையில் சேர்த்தாலும் மாறிப்போகாது. வீட்டில் டிஷ்யூ, நியூஸ்பேப்பர் இரண்டையும் அவர் சாப்பிடும் மேஜையிலிருந்து எடுத்துவிடுங்கள், பளிச்சென்ற நிறத்தில் ஒரே ஒரு டப்பி, அது எப்போதும் ஒரே இடத்தில் இருக்கட்டும். இரவில் நீங்களே கழற்றி, விரலில் ஈரத் துணியைச் சுற்றி அண்ணத்தையும் நாக்கையும் துடைத்து, சின்ன பிரஷ்ஷால் அந்த இரண்டு வேரையும் தேய்த்துவிடுங்கள். அவர் எதிரே நின்று செய்தால் மிரண்டுபோய் வாயை மூடிக்கொள்வார். நாற்காலியில் உட்காரவைத்து, பின்னால் நின்று, தலையை உங்கள் நெஞ்சில் சாய்த்துக்கொண்டு செய்து பாருங்கள். வரும்போது கூட இருக்கும் பெண்ணையும் அழைத்து வாருங்கள், அவருக்கும் சேர்த்துச் சொல்லித்தருகிறேன்.